பாட்டுக்காரரைக் கொன்ற கதை

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அறிவிப்புப் பலகையில் ‘கைகளை கழுவவும்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, பொறுக்க மாட்டாமல் நடுவில் ஒரு ‘க்’ சேர்த்துவிட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

அந்தக் கூடத்துக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாகத் துணி வரும். துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்புகள் ஈரம் போகாமலேயே ரோலருக்கு வந்து சேரும். ரோலர் என்பது கட்டிலைவிட அகலமான, கொதிக்கக் கொதிக்கச் சுழலும் உருளை. விரிப்பின் ஒரு முனையை ஒருவரும் மறுமுனையை இன்னொருவரும் பிடித்து, சுருக்கம் போக இழுத்து, ஒரே சமயத்தில் உள்ளே கொடுக்க வேண்டும். ஒருவர் கொஞ்சம் முந்திக்கொண்டாலும் துணி கோணிவிடும். இடது பக்கம் டீச்சர். வலது பக்கம் பாட்டுக்காரர். பல வருஷமாக இதே ஜோடிதான்.

பாட்டுக்காரருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரல். காலையில் உருளை சூடேறும்போது ஆரம்பிப்பார். சுதி சேராது. வார்த்தை மறந்த இடத்தில் ‘லல்லல்லா’ போட்டு ரொப்பிவிட்டு, மறுபடி தெரிந்த வரியில் வந்து ஏறிக்கொள்வார். இடைவேளையில் யாருடைய டீ ஆறிக்கொண்டிருந்தாலும், “வீணாப் போகுதே” என்று எடுத்துக் குடித்துவிடுவார். கேட்டால் அதற்கும் ஒரு பாட்டு.

டீச்சர் கதை எழுதுகிற விஷயம் அவள் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுவாள். பத்திரிகைகளுக்கு அனுப்புவாள். பதில் வராது. வராததில் அவளுக்கு ஒருவகையில் நிம்மதியும் இருந்தது. யாரும் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் மனதில் பட்டதையெல்லாம் எழுதலாம். அப்படி எழுதிய ஒன்றைத்தான் ஒரு வாரப் பத்திரிகை திடுதிப்பென்று அச்சில் போட்டுவிட்டது. தலைப்புக்குக் கீழே தபால்தலை அளவில் அவள் படம் வேறு.

துணி மடிக்கும் மேஜையில் வேலை செய்யும் சின்னக்காவின் கண்ணில் அது பட்டுவிட்டது. சின்னக்காவுக்கு ஒரு செய்தி தெரிந்தால் கூரைக்கும் தெரிந்த மாதிரி.

“இங்க பாருங்க! நம்ம டீச்சர் பத்திரிகையில வந்திருக்கா! எல்லாரும் வாங்க, மெஷினெல்லாம் ஓடினா ஓடட்டும்!”

டீ இடைவேளை. அலமாரிகள் வைத்த பின்னறையில், இரண்டு பெஞ்சுகளில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மேற்பார்வையாளர் அம்மாகூட அலுவலக அறையிலிருந்து எழுந்து வந்து கதவோரம் நின்றார். டீச்சர் பத்திரிகையை வாங்கக் கை நீட்டினாள்.

“வேணாம் சின்னக்கா. நான் அப்புறம் ஆளாளுக்குத் தரேன், அவங்கவங்க படிச்சுக்கட்டும்.”

“சும்மா இரு. வெட்கமாம் வெட்கம்!” என்று சின்னக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினாள்.

நாடகம் மாதிரிக் குரலை மாற்றி மாற்றிப் படிப்பாள் சின்னக்கா. கதையில் ஒரு சலவைக்கூடம் வந்தது. அறிவிப்புப் பலகை வந்தது. கணக்குப் பார்த்து சோப்புத்தூள் போடுகிற ஒரு கஞ்சன் வந்தான். “யோவ், உன்னத்தான்யா எழுதியிருக்கா!” என்று எல்லோரும் துவைப்பு மெஷின்காரரின் முதுகில் தட்டினார்கள். அடுத்து வந்தது ‘வித்துவான்’ என்ற ஒரு பாத்திரம். சுதி சேராமல் பாடுகிற, ஊரார் டீயைக் குடிக்கிற, லல்லல்லா போட்டு வரிகளை ரொப்புகிற வித்துவான். அறை அதிர்ந்தது. சிரிப்பு அடங்காமல் சின்னக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் பாட்டுக்காரர்தான். “நான்தான்! அது நான்தான்! கதாநாயகன்யா நான்! எவனாவது இனிமே என்னைய மட்டமாப் பேசிப்பாரு!” என்று பெஞ்சிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

டீச்சர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். “நேரமாச்சு. மிச்சத்தை நாளைக்குப் படிச்சுக்கலாம். உருளை காயுது.”

“காயட்டும்மா!” என்றார் பாட்டுக்காரர். “என் கதை. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரிய வேணாமா? படி சின்னக்கா.”

சின்னக்கா படித்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை வித்துவான் வேலைக்கு வரவில்லை. ‘அன்றைக்குக் கூடத்தில் ஒரு நிம்மதி இருந்தது. மெஷின்களின் இரைச்சல்கூட மென்மையாகக் கேட்டது. ஆறிய டீ ஆறியபடியே இருந்தது.’ இதற்கும் சிரித்தார்கள். மறுநாளும் அவர் வரவில்லை. லாட்டரி விழுந்திருக்கும் என்று ஒருவர், கல்யாணம் பண்ணிக்கொண்டிருப்பார் என்று ஒருவர். யாரும் போய்ப் பார்க்கவில்லை. வார முடிவில், உள்பக்கம் தாழிட்டிருந்த வீட்டிலிருந்து நாற்றம் வருகிறதென்று கீழ்வீட்டுக்காரர் ஆள் கூட்டி வந்து கதவை உடைத்தார்.

சின்னக்காவின் நாடகக் குரல் எந்த வரியில் கழன்று விழுந்தது என்று தெரியவில்லை. நிறுத்தவும் தெரியாமல், சொந்தக் குரலில், எழுத்துக் கூட்டுகிற குழந்தைபோலப் படித்துக்கொண்டே போனாள். வித்துவான் கதவுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தார். ஒரு கை தாழ்ப்பாளை நோக்கி நீண்டிருந்தது. இன்னொரு கையில் போன். யாரைக் கூப்பிட நினைத்தார் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

கதை முடிந்துவிட்டது. யார் முகத்தை யார் பார்ப்பது என்று தெரியாமல் எல்லோரும் தங்கள் தங்கள் டம்ளரைப் பார்த்தார்கள்.

பாட்டுக்காரர்தான் முதலில் பேசினார். “அடிப்பாவி! கொன்னே போட்டியேம்மா!” என்று கையைத் தட்டினார். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தேவைக்கு அதிகமாகச் சிரித்தார்கள். “நாறிப் போயிட்டேன் பாருங்க, அதுவும் பத்திரிகையில!” என்று அவர் இன்னொன்று சொன்னார். அதற்கும் சிரித்துவிட்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

அன்று பிற்பகல் ரோலரில் பாட்டு இல்லை.

மறுநாளும் இல்லை. விரிப்பை எடுப்பார், இழுப்பார், உள்ளே கொடுப்பார். டீச்சர் ஏதாவது கேட்டால் பதில் சொல்வார், மரியாதையாக. அந்த மரியாதைதான் அவளுக்குத் தாங்கவில்லை. இடைவேளையில் அவர் தன் டீயை மட்டும் குடித்தார். துவைப்பு மெஷின்காரர் வேண்டுமென்றே தன் டீயை அவர் பக்கத்தில் ஆறவிட்டுப் பார்த்தார். அதன்மேல் ஆடை படிந்ததுதான் மிச்சம்.

ஆளுக்கொரு அபிப்பிராயம் வந்தது. “உனக்குச் சாகடிக்க வேற ஆளே கிடைக்கலையா? உயிரோட குத்துக்கல்லாட்டம் நிக்கற மனுஷனைப் போய்!” என்றாள் சின்னக்கா. ஒரு மணி நேரம் கழித்து அவளே திரும்பி வந்து, “நான் எதுக்குடி அதை வாய்விட்டுப் படிச்சேன்? முன்னாடியே ஒருவாட்டிப் புரட்டிப் பார்த்திருக்கலாம்ல?” என்று தன்னையே திட்டிக்கொண்டாள். துவைப்பு மெஷின்காரர் கட்சி வேறு. “கதை நல்லாத்தான் இருக்கு. படிச்சதுல இருந்து எங்க மாமனாருக்குத் தினம் போன் போடறேன். அவருக்கு ஒரே சந்தேகம், எதுக்கோ அடி போடறேன்னு.” மேற்பார்வையாளர் அம்மா தனியாகக் கூப்பிட்டு, “எழுதறது உன் இஷ்டம். ஆனா ஒரு வார்த்தை பேசிடு அவர்கிட்ட. ரோலர்ல ரெண்டு பேரும் பேசாம நிக்கறது பார்க்க நல்லா இல்ல” என்றார்.

வீட்டில் அவள் கணவரிடம் புலம்பினாள். அவர் எலக்ட்ரீஷியன், கழற்றிப்போட்ட மின்விசிறிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

“எழுதினப்பவே உங்ககிட்டதானே காட்டினேன்? நல்லா இருக்குன்னுதானே சொன்னீங்க?”

“நல்லா இருக்குன்னுதான் சொன்னேன். அவரு காதுல விழற மாதிரிப் படிக்கலாம்னா சொன்னேன்?”

“விளையாடாதீங்க.”

அவர் தலையை வெளியே எடுத்தார். “சிரிக்க வெச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போய்ப் பள்ளத்துல தள்ளிட்ட. படிக்கறவங்களுக்கு அது கதை. அவருக்கு அது அவரு வீடு. நேராப் போய்ப் பேசு. என்கிட்ட பேசி என்ன பிரயோஜனம்?”

பேசத்தான் நினைத்தாள். ரோலர் இரைச்சலில் பேசுகிற பேச்சு இல்லை அது. இடைவேளையில் எல்லோரும் இருந்தார்கள். வேலை முடிந்ததும் அவர் வேகமாகக் கிளம்பிவிடுவார். இன்று, நாளை என்று தள்ளிப்போட்டாள்.

அதற்குள் ஒருநாள் பாட்டுக்காரர் வேலைக்கு வரவில்லை.

உருளை சூடேறியது. வலது பக்கம் ஆள் இல்லை. கொஞ்சம் தாமதம் என்று நினைத்தார்கள். நேரம் போகப் போக யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கூடத்தில் எல்லோர் கையும் மெதுவாகிவிட்டது. மேற்பார்வையாளர் அம்மா போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி செய்தார். சின்னக்கா மடித்த விரிப்பையே பிரித்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

“யாருக்காவது அவரு வீடு தெரியுமா?” என்று கேட்டார் மேற்பார்வையாளர் அம்மா.

ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய கோப்பைத் தூசு தட்டித்தான் விலாசம் எடுக்க வேண்டியிருந்தது. “நான் போறேன்” என்றாள் டீச்சர். யாரும் ஏன் நீ என்று கேட்கவில்லை. துணி ஏற்றப் புறப்பட்ட வேன்காரர், “ஏறுங்க, அந்தப் பக்கமாத்தான் போறேன்” என்றார். அந்தப் பக்கமாக அவருக்கு ஒரு வேலையும் இல்லை என்பது டீச்சருக்குத் தெரியும்.

வழியெல்லாம் வேன்காரர் பேச்சுக் கொடுத்தார். “ஒண்ணும் இருக்காது. காய்ச்சலா இருக்கும். போன் சார்ஜ் இருக்காது.” ஒரு சிக்னலில் நின்றபோது அவரும் பேச்சை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். டீச்சருக்குத் தன் கதையின் வரிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. தாழ்ப்பாள், நீட்டிய கை, போன். எழுதும்போது அந்தப் போன் நன்றாக அமைந்துவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டிருந்தாள். இப்போது அந்தச் சந்தோஷத்தை நினைக்க உடம்பு கூசியது.

ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. படி குறுகலாக இருந்தது. வெளியே ஆண் செருப்பு எதுவும் இல்லை. டீச்சர் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. “அண்ணே!” என்று கூப்பிட்டுத் தட்டினாள். கதவில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே எங்கோ ஒரு போன், சத்தம் இல்லாமல், மரப்பலகையின்மேல் கிடந்து விர்ரென்று அதிர்வது கேட்டது. மேற்பார்வையாளர் அம்மா இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

டீச்சர் இரண்டு கைகளாலும் கதவை அறைந்தாள். “அண்ணே! கதவைத் திறங்க அண்ணே!”

கதவு திறந்தது. தலைமுடி கலைந்த, கண் சிவந்த ஒரு பெண்மணி நின்றாள். டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம்.

“யாருங்க நீங்க? எங்கயாவது தீப்பிடிச்சிருக்கா? கதவை உடைக்கறீங்க?”

“அண்ணன்… பாட்டுக்காரர்… சலவைக்கூடத்துல…”

அந்தப் பெண்மணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். தூக்கம் கலைந்தது. “ஓ,” என்றாள். “நீங்கதானா அந்தக் கதைக்காரி?”

“அவரு எங்க? நல்லா இருக்காரா?”

“பல்லு பிடுங்கப் போயிருக்காரு. நேத்து ராத்திரியெல்லாம் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாராம். விடியற்காலையிலேயே உங்க ஆபீசுல யாரோ ஒரு தம்பிகிட்ட சொல்லிட்டேன்னாரே?”

அந்தத் தம்பி சொல்லவில்லை. டீச்சர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதாள். கீழே நின்ற வேன்காரர் அழுகைச் சத்தம் கேட்டு, “ஐயோ!” என்று தலையில் கை வைத்தார். பாட்டுக்காரரின் மனைவி கைப்பிடிச் சுவர்மேல் எட்டிப் பார்த்து, “ஒண்ணும் ஆகலைங்க! பல்லுதான் போச்சு!” என்று கத்த வேண்டியிருந்தது.

“எழுந்து உள்ள வாங்க,” என்றாள். “பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்தா நிஜமாவே எதோ ஆயிடுச்சுன்னு நினைப்பாங்க.”

சின்ன வீடு. துடைத்து வைத்த மாதிரிச் சுத்தம். ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் திரை. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய காலுறையை வெட்டி மாட்டியிருந்தது, இழுத்தால் சத்தம் வராதபடி. மேஜைமேல் அந்த வாரப் பத்திரிகை, அந்தப் பக்கம் தெரியும்படி மடித்துக் கிடந்தது. பக்கத்தில் அதிர்ந்து ஓய்ந்த போன். டீச்சர் தன் போனிலிருந்து கூடத்துக்குச் செய்தி சொன்னாள். அந்தப் பக்கம் சின்னக்கா போட்ட கூச்சல் அறை முழுக்கக் கேட்டது.

“நான் பேக்கரியில ராத்திரி வேலை,” என்றாள் அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்து. “காலையில நான் உள்ள வர்றப்போதான் அவரு எழுந்து வெளிய கிளம்புவாரு. சாயங்காலம் அவரு வர்றப்போ நான் தூக்கத்துல இருப்பேன். எழுந்து குளிச்சுக் கிளம்பவே சரியா இருக்கும். கல்யாணமான நாள்ல இருந்து பாதி நாள் இப்படித்தான் ஓடிப்போச்சு.”

டீச்சர் பத்திரிகையைப் பார்த்தாள். “அண்ணி, நான் வேணும்னு…”

“இருங்க, நான் கேட்க வேண்டியதைக் கேட்டுடறேன். எத்தனை நாளா மனசுல வெச்சுக்கிட்டு இருக்கேன். உங்க கதையில இவரு செத்து ஒரு வாரம் கிடக்கறாரே, நான் எங்க போனேன்?”

டீச்சர் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலேயே திரும்ப வைத்தாள்.

“ஒரே வீட்டுல குடியிருக்கேன். புருஷன் அசையாமக் கிடந்தா பார்க்க மாட்டேனா? அவரைக் கொன்னீங்க, சரி, கதை. என்னையப் பொறக்கவே விடாமப் பண்ணிட்டீங்களே! படிச்சுட்டு எங்க அக்கா போன் போட்டு, ‘உன்னைப் பத்தி ஒரு வரிகூட இல்லையேடி, உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா’ன்னு கேக்கறா.”

“எனக்குத் தெரியாது அண்ணி. அவருக்கு வீட்டுல யாராவது இருக்காங்களான்னே எனக்குத் தெரியாது.”

“பக்கத்துல நின்னு வேலை செய்யறீங்க!”

“அதான். பாதிக்கதை வரைக்கும் கையே நிக்கலை, சிரிச்சுக்கிட்டே எழுதினேன். அப்புறம், சாயங்காலம் இவரு வீட்டுக்குப் போறாருன்னு எழுத உட்கார்ந்தா, எழுத ஒண்ணுமே இல்ல. வீடு எங்க, கதவை யாரு திறப்பாங்க, ஒண்ணுமே தெரியலை. இத்தனை வருஷம் இந்த மனுஷனோட ஒரே துணியைப் பிடிச்சிருக்கேன், இவரு நாளைக்கு வரலைன்னா எங்க போய்த் தேடுவேன்னு திடீர்னு பயமாயிடுச்சு. அந்தப் பயத்தைத்தான் அப்படியே எழுதிட்டேன். அவரைக் கேலி பண்ணணும்னோ, சாகணும்னோ இல்ல.”

அந்த அம்மா பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, “முதல்வாட்டிப் படிச்சப்போ கிழிச்சுப் போடலாம்னு இருந்துச்சு,” என்றாள். “ஆனா அன்னியில இருந்து ஒண்ணு நடக்குது. வேலை முடிஞ்சு வந்ததும், செருப்பைக்கூடக் கழட்டாம உள்ள போய் இவரு மூச்சு விடறாரான்னு பார்க்கறேன். முன்னாடியெல்லாம் பார்த்ததில்ல. எத்தனையோ வருஷமா ராத்திரியில தனியாத்தான் படுக்கறாரு. ஒருநாளும் தோணினதில்ல.” சொல்லிவிட்டுப் பத்திரிகையை நீவிவிட்டாள். “அது சரி, அந்தப் பாட்டு… அது நிஜமா? இல்ல அதுவும் நீங்களா எழுதினதா?”

“எது?”

“பாடுவாருன்னு எழுதியிருக்கீங்களே. இவரா பாடுவாரு?”

டீச்சர் அவளையே பார்த்தாள். கறுப்புத் திரையும் நாற்காலிக் காலுறைகளும் அப்போதுதான் அவளுக்கு முழுதாகப் புரிந்தன.

“நாள் முழுக்கப் பாடுவாரு அண்ணி.”

“இந்த வீட்டுல அவரு தும்மினாக்கூடத் துணியை வாயில வெச்சுக்கிட்டுத்தான் தும்முவாரு,” என்றாள் அவள்.

படியில் காலடி கேட்டது. பாட்டுக்காரர் உள்ளே வந்தார். ஒரு கன்னம் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. வாய் நிறையப் பஞ்சு. டீச்சரைக் கண்டதும் கண் விரிந்தது. “ம்ம்?” என்றார்.

“பேசாதீங்க. டாக்டர் என்ன சொல்லி அனுப்பினாரு?” என்று மனைவி கேட்டாள். ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று அவர் சைகையில் காட்டினார். “நல்லதாப் போச்சு. உட்காருங்க. உங்களைப் பத்தித்தான் பேசிட்டு இருக்கோம்.”

அவர் உட்கார்ந்தார். தப்பிக்க வழியில்லை. அவர் பக்கமே திரும்பி மனைவி கேட்டாள்: “வேலை செய்யற இடத்துல நாள் முழுக்கப் பாடுவீங்களாமே? ஊருக்கே தெரியுது, அச்சுல வருது, எனக்குத் தெரியாது. ஏன்?”

அவர் கையை விரித்தார். படுக்கையைக் காட்டினார். கன்னத்தில் கை வைத்துத் தூங்குகிற மாதிரி சாய்த்துக் காட்டினார்.

“எழுப்பியிருக்கலாம்ல? கடிச்சா தின்னுடப் போறேன்? சாயங்காலம் வந்து ஒருநாளாவது, ‘எழுந்திருடி, ஒரு அரை மணி நேரம் பேசலாம்’னு சொல்லியிருக்கீங்களா? பூனை மாதிரி வந்து பூனை மாதிரிச் சாப்பிட்டு…” அவள் குரல் உடைந்தது. “நான் இவருக்குப் பேச்சே பிடிக்காதுன்னு நினைச்சுட்டு இருந்தேன்.”

பாட்டுக்காரர் டீச்சரைப் பார்த்து, உன்னால் வந்தது என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். ஆனால் அதில் கோபம் இல்லை.

டீச்சர் எழுந்தாள். “அண்ணே, மன்னிச்சுக்குங்க. உங்களை அப்படிச் சாகடிச்சது தப்பு.”

அவர் தலையை வேகமாக ஆட்டினார். இல்லை, இல்லை என்று கை காட்டினார். சைகை போதவில்லை. மனைவி தடுப்பதற்குள் பஞ்சைக் கையில் எடுத்துவிட்டார்.

“சாவு பரவாயில்லம்மா,” என்றார், வாய் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு. “எல்லாரும் ஒருநாள் போறதுதான். நான் வராத அன்னிக்குக் கூடத்துல நிம்மதியா இருந்துச்சுன்னு எழுதின பாரு, அதுதான். நான் ஏதோ எல்லாரும் கேக்கறாங்கன்னு நினைச்சுப் பாடிட்டு இருந்தேன்.”

டீச்சர் அந்த வரியை மறந்தே போயிருந்தாள். எழுதும்போது சிரமமே இல்லாமல் வந்து விழுந்த வரி. பின்னால் வரப்போகிற துக்கத்துக்கு ஒரு படிக்கட்டாக வைத்தது. இத்தனை நாளும் தாழ்ப்பாளையும் போனையும் நினைத்து அவள் தவித்துக்கொண்டிருக்க, அவர் அந்தப் படிக்கட்டிலேயே தடுக்கி விழுந்து கிடந்திருக்கிறார்.

“அது பொய் அண்ணே.”

“பொய்யா?”

“கதைக்காக எழுதினது. இத்தனை நாளா நீங்க பாடாம நிக்கறீங்களே, யாராவது நிம்மதியாவா இருக்காங்க? துவைப்பு மெஷின்காரர் தன் டீயை உங்க பக்கத்துல வெச்சுட்டு வெச்சுட்டுப் போறாரு, பார்க்கலையா?”

“பார்த்தேன். ஏதோ விஷம் கிஷம் வெச்சுட்டானோன்னு தொடலை.” அவர் யோசித்தார். “நிம்மதி பொய். சாவு பொய். அப்போ சுதி சேராதுன்னு எழுதினியே, அதுவும் பொய்தானே?”

டீச்சர் குனிந்து நாற்காலிக் காலுறையைச் சரிசெய்தாள்.

“அதை மட்டும் நிஜமா எழுதியிருக்கா, பாரு!” என்று அவர் மனைவியிடம் முறையிட்டார். அந்த அம்மா சிரிக்கத் தொடங்கினாள். அழுத கண்ணோடு, கறுப்புத் திரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பஞ்சை வாயில வைங்க, ரத்தம் வருது” என்று அதட்டவும் செய்தாள்.

பல் பிடுங்கிய கதையைக் கூடத்தில் டீச்சர் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. மேற்பார்வையாளர் அம்மா செய்தி சொல்ல மறந்த தம்பியைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். அடுத்த வாரமே கூடத்தில் எல்லோர் விலாசமும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யார் சொல்லியும் நடந்ததல்ல, ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். துவைப்பு மெஷின்காரருக்கு இரட்டைக் குழந்தைகள் என்பதே அப்போதுதான் டீச்சருக்குத் தெரிந்தது.

பாட்டுக்காரர் உடனே பாடிவிடவில்லை. “பாடுங்கண்ணே” என்று சின்னக்கா கெஞ்சியபோது, “கேட்டா வர்றதுக்கு அது என்ன குழாயா?” என்றார். கன்னம் வற்றிய பிறகு, ஒரு சோம்பலான பிற்பகலில் தானாக முனகல் கேட்டது. டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை.

அவர் மனைவி பகல் வேலை கேட்டுப் பார்த்தாள். பேக்கரியில் கொடுக்கவில்லை. அதனால் பெரிய மாற்றமெல்லாம் இல்லை. சாயங்காலம் வந்ததும் அவளை எழுப்ப வேண்டும் என்று மட்டும் ஏற்பாடு. “முதல் நாள் எழுப்பினேன், தலையணையால அடிச்சா,” என்று ரோலரில் நின்றபடி அவர் டீச்சருக்குச் சொன்னார். “ரெண்டாம் நாள், எதுக்கு எழுப்பினேன்னு அவளுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. சும்மா உட்கார்ந்திருந்தோம். மூணாம் நாள் நான் போறதுக்குள்ள அவளே எழுந்து முகம் கழுவிட்டு உட்கார்ந்திருக்கா. என்ன பேசறதுன்னு இப்பல்லாம் பகல்லயே யோசிச்சு வெச்சுக்கறேன்.”

ஒரு விடுமுறை நாளில் டீச்சர் கடைத்தெருவில் அவர்களைப் பார்த்தாள். பேருந்து நிறுத்தத்தில் நின்று, ஒரு குடையை விரித்து, அதன் கம்பி நேராக இருக்கிறதா கோணலா என்று இருவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணிதான் முதலில் கண்டுகொண்டு கையை ஆட்டினாள்.

“என்ன டீச்சர், எழுதறீங்களா?”

“ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன் அண்ணி.”

“யாரு சாகறா?”

“இதுல யாரும் சாகலை.”

“அப்படித்தான் முதல்ல சொல்லுவீங்க,” என்றாள் அண்ணி. பேருந்து வந்துவிட்டது. பாட்டுக்காரர் பாதி விரிந்த குடையோடு ஏறப் போய் வாசலில் சிக்கிக்கொண்டார். அண்ணி அவரைத் திட்டிக்கொண்டே பின்னாலிருந்து தள்ளி ஏற்றினாள்.